முதல் பல்பு கரண்டைத் தின்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் தொடர் மின்சுற்று (பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் கோப்பது) பற்றி வந்த விளக்கத்தைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டத்தில் முதல் பல்பு ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போகும், அதனால் இரண்டாவது பல்பு மங்கலாக எரியும் என்று அதில் இருந்தது. இது தவறு. பேட்டரியில் ஓடும் தொடர் இணைப்பில் மின்னோட்டத்தை எங்கே அளந்தாலும் ஒரே அளவுதான். முதல் பல்புக்கு முன்னால், இரண்டு பல்புக்கும் நடுவில், கடைசியில் பேட்டரிக்குத் திரும்பும் வயரில், எந்த இடத்தில் மீட்டரை வைத்தாலும் அதே எண் வரும். எஸ்.பி.எம். என்ற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் படிவம் 5 பிள்ளைகள் பத்திரிகையில் வந்ததாயிற்றே என்று இதை நம்பிவிடுவார்கள், ஆகவே திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தோடு காரணத்தையும் போட வேண்டும்.

நான் பட்டர்வொர்த்தில் வயர்மேன். மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இயற்பியல் பாடத்தில் சந்தேகம் கேட்க வருவார்கள். ஓம் விதியை (வோல்டேஜை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம்) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள், கணக்கும் சரியாகப் போடுகிறார்கள். ஆனால் "முதல் பல்பைத் தாண்டியதும் கரண்டு குறையுமா?" என்று கேட்டால் "குறையும் அங்கிள்" என்று பட்டென்று பதில் வருகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கண்ணால் பார்ப்பதே அப்படி நம்ப வைக்கும்.

கார் சிக்னலுக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, பார்க்கிங் விளக்குக்குப் போடும் 5 வாட் பல்பு ஒன்று. இரண்டையும் தொடராகக் கோத்து 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால் சின்ன பல்பு நன்றாக எரியும், பெரிய பல்பில் இழைகூடச் சிவக்காது. சின்னது முன்னால் இருந்தால், பிள்ளைகள் எல்லாரும் "பாருங்க, முதல் பல்பே எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு" என்பார்கள். சரி, இடத்தை மாற்றிப் பெரியதை முன்னால் வையுங்கள். அப்போதும் சின்னதுதான் எரியும், பெரியது இருட்டாகவே இருக்கும். முதலில் வருவது எடுத்துக்கொள்ளும் என்றால் இப்போது பெரியதல்லவா எரிந்திருக்க வேண்டும்? இரண்டிலும் ஓடுவது ஏறக்குறைய 0.4 ஆம்பியர். 5 வாட் பல்புக்கு அது போதும், 21 வாட் பல்பு முழு வெளிச்சம் தர 1.75 ஆம்பியர் வேண்டும், அதனால்தான் அது கண்ணைத் திறக்கவில்லை.

பங்கு போவது வோல்டேஜ்தான். 9 வோல்ட் பேட்டரியில் 100 ஓம், 200 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இரண்டைத் தொடராகப் போட்டால் மொத்தம் 300 ஓம், மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியர், இது சுற்று முழுக்க ஒன்று. 100 ஓமின் இரு முனையிலும் 3 வோல்ட் காட்டும், 200 ஓமில் 6 வோல்ட் காட்டும், கூட்டினால் 9. இப்போது கடைசியில் இன்னொரு 300 ஓமைச் சேர்த்துப் பாருங்கள். கடைசியில் சேர்த்ததுதானே, முன்னால் இருப்பதற்கு என்ன வந்தது என்று தோன்றும். ஆனால் முதல் ரெசிஸ்டருக்கு முன்னால் இருக்கும் மீட்டர்கூட 15 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். பிள்ளைகளை நிஜமாகவே யோசிக்க வைப்பது இந்த இடம்தான்.

ஏன் இப்படி? ஒரு ரெசிஸ்டருக்குள் போவதைவிட வெளியே வருவது குறைவாக இருந்தால் மீதி மின்னூட்டம் அங்கேயே குவிய வேண்டும். குவிந்தால் அது பின்னால் வருவதைத் தள்ளிப் பிடிக்கும், முன்னால் போவதை வேகப்படுத்தும், வரவும் போக்கும் சமமாகும்வரை இது நடக்கும். ஸ்விட்சைத் தட்டியதும் கண் இமைக்கும் நேரத்துக்கும் மிகமிகக் குறைவான நேரத்தில் இது முடிந்துவிடுகிறது. இத்தனைக்கும் வயருக்குள் எலெக்ட்ரான் நகரும் வேகம் ரொம்பக் குறைவு. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது, அது ஒரு நொடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. சைக்கிள் சங்கிலி மாதிரிதான், மிதித்ததும் எல்லாக் கண்ணியும் சேர்ந்து நகர்கிறது, பெடலின் சக்தி சக்கரத்துக்குப் போகிறது, ஆனால் சங்கிலி தேய்ந்து காணாமல் போவதில்லை. பல்பு எடுப்பது ஆற்றலை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளை என்னதான் செய்யும்?

ஓம் விதிக்குப் பெயர் தந்த ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அக்காலத்து மின்கலங்கள் நிலையாக இல்லை என்பதால் செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணைப்பில் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையை ஐஸிலும் வைத்து, வெவ்வேறு நீளக் கம்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காந்த ஊசியின் அசைவை அளந்தார். 1827இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு பள்ளி ஆசிரியர் அளந்து கண்டுபிடித்ததை நம் பிள்ளைகள் அளக்காமல் மனப்பாடம் செய்வது எனக்கு மனசு ஆறவில்லை.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும் இல்லை. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் காவடிகளில் இப்போது 12 வோல்ட் எல்.இ.டி. பட்டைதான் சுற்றுகிறார்கள். வெள்ளைப் பட்டையில் பொதுவாக மூன்று மூன்று எல்.இ.டி. தொடராக இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 3 வோல்ட், மிச்சம் 3 வோல்டை ஒரு ரெசிஸ்டர் தாங்கும். அது 150 ஓம் என்றால் 20 மில்லி ஆம்பியர். குறி போட்ட இடத்தில்தான் பட்டையை வெட்ட வேண்டும் என்பது இந்த மூன்றின் தொடர் அறுந்துவிடக் கூடாது என்பதால்தான். ரெசிஸ்டரை எல்.இ.டி.க்கு முன்னால் வைத்தால்தான் காப்பாற்றும் என்று பல தம்பிகள் நினைக்கிறார்கள், பின்னால் வைத்தாலும், நடுவில் வைத்தாலும் அதே பாதுகாப்புதான். அப்புறம், இதே பட்டையை ஓடிக்கொண்டிருக்கும் வேனிலிருந்து எடுத்தால் வருவது 14 வோல்ட் வரை இருக்கும், கூடுதல் வோல்டேஜில் பெரும்பங்கு அந்த ஒரு ரெசிஸ்டர் தலையில்தான் விழும், 20 இருந்த இடத்தில் ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர் ஓடும். பட்டை சூடாகிச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

தொடரில் ஓரிடம் அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அறுந்த இடத்தின் இரு பக்கமும் மீட்டரை வைத்தால் பேட்டரியின் வோல்டேஜ் அங்கே காட்டும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. மின்னோட்டம் பூஜ்யம், ஆகவே மற்ற ரெசிஸ்டர் எதிலும் வோல்டேஜ் இறங்காது, எல்லாம் அந்த இடைவெளியில் நிற்கும். கோளாறு தேட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, திருத்தம் வெளியிடும்போது மேலே சொன்ன 9 வோல்ட் சோதனையையும் படத்தோடு போடுங்கள். சாமான் விலை அதிகமில்லை, மல்டிமீட்டர் ஒன்றை வகுப்பு முழுக்கப் பகிர்ந்துகொள்ளலாம். மின்னோட்டம் அளக்கும்போது சுற்றைப் பிரித்து மீட்டரை நடுவில் கோக்க வேண்டும், பேட்டரியின் இரு முனையிலும் நேராக வைத்தால் மீட்டரின் பியூஸ் போய்விடக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டுப் பிளக்கில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு