அப்பா வைத்திருந்த பில்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் புல்லட் பைக்கைப் பிரித்துவிட்டேன். உங்கள் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் பிறந்த அதே 84 மாடல்தான். எட்டு வருடத்துக்கு முன் அப்பா ஒரு பட்டறையில் அரை மில்லி போர் போட, அதாவது சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் மாட்ட, காசு கொடுத்திருந்தார். மறுபடி புகை தள்ள ஆரம்பித்ததால் இந்த முறை ஒரு மில்லி ஓவர்சைஸ், அதுதான் கடைசி, அதற்கப்புறம் சிலிண்டருக்குள் புது உறை, அதான் ஸ்லீவ், இறக்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

பட்டறைக்குப் போவதற்கு முதல் நாள் இரவே, எஞ்சின் எத்தனை சிசி ஆகும் என்று கணக்கும் போட்டு வைத்தேன். சிலிண்டர் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.7854-ஆலும் ஸ்ட்ரோக்காலும், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரத்தாலும், பெருக்க வேண்டும். எல்லாம் சென்டிமீட்டரில் இருந்தால் விடை நேராக சிசியில், அதாவது கன சென்டிமீட்டரில், வந்துவிடும். 70 மில்லி போர், 90 மில்லி ஸ்ட்ரோக்: 346. அரை மில்லி கூடினால் 351, ஒரு மில்லி கூடினால் 356. ஸ்ட்ரோக்கைத் தீர்மானிப்பது பிஸ்டனை ஆட்டும் கிராங்க் தண்டு, அதனால் அது மாறாது. ஒத்தைச் சிலிண்டர், வேறு பெருக்கலும் இல்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து இதை 400 சிசி ஆக்கலாம் என்று பந்தயம் கட்டினாயே, அதற்கு விட்டம் 75 மில்லியைத் தாண்ட வேண்டுமடா! பிரியாணி பாக்கி.

மறுநாள் சிவாஜிநகரில் லேத் பட்டறை பாய் உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டு மேலே, நடுவில், கீழே என்று இரண்டு திசையிலும் அளந்தார். பிஸ்டன் ரிங் போய்த் திரும்புகிற மேல்பக்கம்தான் அதிகத் தேய்மானம், 70.2. அடியில் 70.03. அரை மில்லி போர் போட்டிருந்தால் 70.5-க்குக் குறைந்திருக்காது. "இது போரே போடாத சிலிண்டர்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் பழைய பிஸ்டனின் தலையில் இருந்த கரியைப் பெட்ரோல் துணியால் துடைத்துக் காட்டினார். எஸ்டிடி என்று இருந்தது, அதாவது ஸ்டாண்டர்ட், கம்பெனி அளவு. ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு முழு வேலைக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்.

சேகர், அப்போதே அப்பா சொன்னார், வண்டி இழுக்கவில்லை, ஏமாற்றிவிட்டான் என்று. உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா, அதான் அப்படித் தோணுது என்றேன் நான். நீயும் அன்று பக்கத்தில்தான் நின்றாய். பிஸ்டனை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். எழுந்து போய் பீரோவிலிருந்து அந்த பில்லை எடுத்துவந்தார். எதற்காக அதை இத்தனை வருடம் வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "கணக்கைக் காட்டு" என்றார்.

கால் மில்லியில் தேய்மானம் சுத்தமாகப் போகாது என்பதால் அரை மில்லி போட்டோம். பிஸ்டனை முதலில் வாங்கிக் கொடுத்து, அதை அளந்துதான் பாய் போர் போட்டார். 351 என்று அப்பா தன் டைரியில் எழுதிக்கொண்டார். இன்னொரு அரை மில்லி மிச்சம் இருப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

புது பிஸ்டன் பழகும்வரை மெதுவாக ஓட்டும் ரன்னிங் இன் ஓடுகிறது, 140 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஐம்பதைத் தாண்டுவதில்லை. தினமும் சாயங்காலம் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஏரியைச் சுற்றி வருகிறேன். தீபாவளிக்கு வந்தால் அவரிடம் நீயும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன்,
ரவி