தம்பிக்கு இருந்தது இரண்டரை சென்டிமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மருத்துவ இணைப்பில் வந்த சிறுநீரகக் கட்டி பற்றிய கட்டுரையில், 'மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் பரவாது, பயப்பட வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தது. என் தம்பிக்கு இருந்தது இரண்டரை சென்டிமீட்டர்.

கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் அது தெரிந்தது. 'சின்னதுதான், ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்' என்றார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தது. 39 வயதில் அவனைப் பறிகொடுத்தோம்.

அந்த மூன்று சென்டிமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வி.ஹெச்.எல். (வான் ஹிப்பல்-லிண்டாவ்) என்ற பரம்பரை மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தில் கட்டி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றுக்கும் கத்தி வைத்தால் சிறுநீரகமே மிஞ்சாது என்பதால், அந்த அளவு வரை பொறுக்கலாம் என்று வைத்தார்கள். என் தம்பியைப் போல எஃப்.ஹெச். என்ற வேறொரு மரபணு பழுதானவர்களுக்கு இது செல்லாது. அவர்களுக்கு வரும் கட்டி மிகச் சிறியதாக இருக்கும்போதே பரவிவிடும், கண்டவுடன் எடுத்தாக வேண்டும். எது பரவும் என்பதை அளவு சொல்லாத இடத்தில் மரபணு சொல்கிறது. கட்டுரையில் மரபணு என்ற சொல்லே இல்லை.

நான் 27 வருடம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள். செல் சுவாசத்தில் வரும் கிரப்ஸ் சுழற்சியில், ஃபியூமரேட் என்ற பொருள் மாலேட்டாக மாறும் படியை வருடாவருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் படியை நடத்தும் நொதிக்கான மரபணுதான் எஃப்.ஹெச். அது கெட்டால் தோலிலும் கருப்பையிலும் சிறுநீரகத்திலும் கட்டி வரும் என்று 2002-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததோ தம்பியின் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு.

அவன் தோள்பட்டையில் துவரம்பருப்பு அளவில் சிவந்த முடிச்சுகள் இருந்தன. மார்கழிக் குளிரில் சட்டை உரசினாலே துடிப்பான். களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு 31 வயதில் நார்க்கட்டி என்று கருப்பையை எடுத்தார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஆள் இல்லை. மருத்துவர் கேட்டபோது, 'எங்க வம்சத்துல யாருக்கும் ஒண்ணும் கிடையாது' என்றார் அம்மா. எனக்கு நடந்ததையே ஊரில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தவர் அவர். பரம்பரை நோய் என்று தெரிந்தால் பெண் எடுக்க மாட்டார்கள் என்ற பயம்.

நடிகை ஏஞ்சலினா ஜோலி மார்பகப் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனை செய்துகொண்டதை 2013-ல் நம் பத்திரிகைகள் எவ்வளவு விரிவாக எழுதின! சிறுநீரகம் என்றால் மட்டும் 'இது அரிய வகை' என்று ஒரு வரியோடு நின்றுவிடுகிறீர்கள். இதைப் பற்றி முன்பே இரண்டு கடிதம் போட்டேன், பிரசுரமாகவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. ஆனால் தம்பியின் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசுவை) வேறு ஊருக்கு அனுப்பிப் பார்க்க, அதைக் கேட்டு நான் ஒரு மருத்துவமனைக்கு மூன்று முறை அலைந்தேன். அதைக் கேட்டு வாங்கலாம் என்று யாராவது முன்பே எழுதியிருந்தால் அந்த நாட்களாவது மிச்சமாகியிருக்கும்.

தம்பி மகளுக்கு 16 வயது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த மரபணுப் பழுது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கும் இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. இனி வருடத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பை எடுத்துக்கொண்டு வந்து, 'அத்தை, சின்னதா இருந்தா பரவாதுன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு வருஷா வருஷம்?' என்று கேட்டாள்.

அவளுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். மற்ற வீடுகளுக்குத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் கருப்பை நார்க்கட்டியோ, குளிரில் வலிக்கும் தோல் முடிச்சோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.