மொய் நோட்டில் எங்கள் பெயர்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரரை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்து இன்றோடு 19 நாள். பங்குனியில் இங்கிருந்து கிளம்பியபோது இருந்த நிலைமை உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. இப்போது திண்ணையில் உட்கார்ந்து, குழம்பில் புளி கூடிப்போச்சு என்கிறார். அந்தக் குரலைக் கேட்டால் போதும் எனக்கு.

இந்த நாலு மாதத்தில் ஊரில் எவ்வளவோ நடந்துவிட்டது. ஏப்ரல் 6 அன்று பாம்பன் புது ரயில் பாலம் திறந்து ரயில் போனதை, வார்டுக்கு வெளியே பக்கத்துப் படுக்கைக்காரர் மகனின் போனில்தான் பார்த்தோம். பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பியது. "நம்ம ஊரும்மா" என்று சின்னவள் கத்திவிட்டாள். அதே வாரம் உத்தரகோசமங்கை கும்பாபிஷேகம். அப்புறம் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். எங்கள் சொந்தத்தில் விசேஷங்களை அப்போதுதான் வைப்போம். மண்டபத்தில் கல்யாணம், அக்காள்மடத்தில் காதுகுத்து, தங்கச்சிமடத்தில் புதுநன்மை (முதல் நற்கருணை), உச்சிப்புளியில் பால்காய்ச்சு, இங்கேயே பாம்பனில் ஒரு சடங்கு. ஐந்தில் ஒன்றுக்குக்கூட நாங்கள் போகவில்லை. ஐந்து வீட்டுக்காரர்களும் எங்கள் பெரியவள் சடங்குக்கு வந்து மொய் எழுதியவர்கள். ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்திருக்கும்போதுகூட அந்தக் கடன் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

ஊர் வந்த நாலாம் நாள் பழமும் சீனியும் வாங்கிக்கொண்டு மண்டபம் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். "கல்யாணத்துக்கு வர முடியலை பெரியப்பா" என்று ஆரம்பித்ததுமே அவர் உள்ளே போய் மொய் நோட்டை எடுத்து வந்தார். மஞ்சள் தடவிய மூலை, நீல மை. மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். பாம்பன் சின்னப்பாலம் என்று ஊர் போட்டு, இனிஷியலோடு எங்கள் வீட்டுக்காரர் பெயர். நேராக 500. "நீங்கதான் ஆள் அனுப்பிட்டீங்களே தாயி" என்றார். நான் யாரையும் அனுப்பவில்லை. பதில் சொல்ல வாய் வரவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டு மதினி செய்த வேலை அது. பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் மதினி என்றே எழுதுகிறேன். இரத்த சொந்தம் இல்லை. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவதால் அவர் எனக்கு மதினி, அவ்வளவுதான்.

வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. கோழிக்குத் தீனி வைக்கக் கொடுத்துவிட்டுப் போனேன். அவரோ டிரங்குப் பெட்டியைத் திறந்து பெரியவள் சடங்கு மொய் நோட்டை எடுத்திருக்கிறார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஏழாவது படிக்கும் பேரனை உட்கார வைத்து, எந்த வீட்டுக்காரர் எவ்வளவு எழுதினார் என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 200 எழுதியவருக்கு 300, 300 எழுதியவருக்கு 500, முறைப்படி கூட வைத்தே செய்திருக்கிறார். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து 2,600 ரூபாய்.

மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவார்கள். மரிகொழுந்துப் பாசி பாறையில் ஒட்டிக் கிடக்கும், மூச்சை அடக்கிக் கையால் பிய்க்க வேண்டும். தடைக்காலத்தில் பாசி வளரட்டும் என்று அந்த வேலையையும் நிறுத்திவிடுவார்கள். அப்படி என்றால், அண்ணன் போகும் விசைப்படகும் கரையில், மதினிக்கும் வருமானம் இல்லை. அந்த நேரத்தில்தான் எங்களுக்கும் சேர்த்து மொய் எழுதியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

மண்டபம் போய் வந்த அன்று சாயங்காலம் மதினி கரையேறி வந்து, விரல்களில் சுற்றியிருந்த துணிப்பட்டையை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாறை கிழித்த விரல்கள் உப்பில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பணத்தை நீட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில கிடக்கிற மனுசன் பேரு நோட்டுல விடுபடக் கூடாது. விடுபட்டா மனசுக்குச் சரியா இல்ல" என்றார். "மொய்யைத் திருப்பணும்னா எங்க வீட்டுல விசேசம் வரட்டும், அப்ப வந்து எழுது."

பணம் கொடுத்து உதவியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை என்றும் மறக்க மாட்டேன். ஆனால் நாங்கள் இல்லாத ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு இடம் போட்டு வைத்தவர் மதினி. எங்கள் வீட்டுக்காரர் பிழைத்து வருவார் என்று எனக்கே நம்பிக்கை விட்டுப்போன நாட்களில், இங்கே ஒவ்வொரு பந்தலிலும் யாரோ அவர் பெயரைச் சத்தமாக வாசித்து எழுதியிருக்கிறார்கள். அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இரவோடு இரவாக வேன் பிடித்து ரத்தம் கொடுக்க மதுரை வந்த ஊர்த் தம்பிகள், கேட்காமலே முன்பணம் தந்த படகு முதலாளி, பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை பெரியவளைத் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்ட டீச்சர் (500-க்கு 431 எடுத்திருக்கிறாள் டீச்சர்), நேர்ச்சை வைத்தவர்கள், துவா கேட்டவர்கள், எல்லோருக்கும் கை கூப்பி நன்றி.

போன ஞாயிறு எங்கள் வீட்டுக்காரரை மெல்ல ஆட்டோவில் ஏற்றி ரோட்டுப் பாலத்துக்குக் கூட்டிப் போனோம். புதுப் பாலத்தில் ரயில் வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வந்ததும் எண்ணத் தொடங்கி, கடைசிப் பெட்டி வரை எண்ணினார்.

இனி இந்த ஊரில் யார் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தாலும், அந்த வீட்டுப் பெயரை மொய் நோட்டில் எழுத நான் போவேன். மதினி முன்னால் நின்று சொன்ன வார்த்தை இது.

அப்புறம், தள்ளிப்போன சின்னவள் காதுகுத்து வரும் ஆவணி முதல் ஞாயிறு வீட்டிலேயே நடக்கிறது. எனக்கு உடன்பிறந்த ஆண் பிள்ளை இல்லை. எதிர்வீட்டு அண்ணன் மடியில்தான் பிள்ளை உட்காருவாள். மொய் நோட்டு வைக்கவில்லை. எல்லோரும் சாப்பிட வாருங்கள்.