ஹமில்டன் பெடியன் கோப்பை எடுத்த கதை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் சீனி போன தடவையை விடக் குறைந்திருக்கிறது. நான் அனுப்புகிற மெசேஜ் எல்லாம் நீ பார்க்கிறாய், வாட்ஸப்பில் நீலம் விழுகிறது. பதில் போட நேரமில்லைப் போல. சரி, பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ஒக்லஹோமா அணி 2025 என்பிஏ கூடைப்பந்துக் கோப்பை எடுத்ததைப் பார்த்திருப்பாய். ஏழாவது மட்ச், 103க்கு 91. அந்த அணியின் ஷே எங்கள் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஹமில்டனில் வளர்ந்த பெடியன் என்று அப்பா இரவோடிரவாக மொன்றியல் சித்தப்பாவையும் எழுப்பிச் சொன்னார். சீசனிலும் அவன்தான் சிறந்த ஆட்டக்காரன், இறுதிப் போட்டியிலும் அவன்தான்.

2019 ஜூலையில் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணி அவனைக் கொடுத்துவிட்டபோது இருபது வயது. ஒரு சீசன்தான் ஆடியிருந்தான். எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸுக்குக் கோப்பை எடுத்துத் தந்த கையோடு கவாய் லெனர்ட் அங்கே போக, அவனுக்குத் துணையாக ஒக்லஹோமாவில் ஆடிய போல் ஜோர்ஜும் வேண்டுமென்று ஷேயையும் கலினாரியையும் ஒக்லஹோமாவுக்குக் கொடுத்து, அதற்கு மேல் புது ஆட்டக்காரரை எடுக்கிற முதல் சுற்றுத் தெரிவுகள் ஐந்தும் கொடுத்தார்கள். பெட்டையையும் கொடுத்து வீடு வளவையும் எழுதிவிட்ட சீதனம் மாதிரி என்று அப்பா அன்றைக்குச் சிரித்தார், நீ குசினி மேசையில் இருந்து எனக்கு அந்தத் தெரிவுக் கணக்கை விளங்கப்படுத்தினாய். அந்த ஐந்தில் ஒன்றில் வந்தவன்தான் ஜேலன் வில்லியம்ஸ். அவனும் இப்போது கோப்பையோடு நிற்கிறான். அள்ளிக் கொடுத்த கிளிப்பர்ஸ் இன்னும் இறுதிப் போட்டிப் பக்கமே போகவில்லை. வேண்டாமென்று கொடுத்தவர்களுக்கு ஆளைத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இப்படி ஆளைக் கொடுத்து ஆளை எடுக்கிற ட்ரேட் என்றால் எனக்கு எங்கள் ராப்டர்ஸில் ஆடிய டிரோசன்தான் ஞாபகம். 2009இல் சின்னப் பெடியனாக இங்கே வந்தவன். 2016இல் வேறெங்கும் போகாமல் இன்னும் ஐந்து வருஷத்துக்கு இங்கேயே கையெழுத்து வைத்தான். 2018 ஜூலையில் அவனை சான் அன்ரோனியோவுக்கு அனுப்பி லெனர்ட்டை எடுத்தார்கள். ஒன்பது சீசன். தன்னை அனுப்பமாட்டார்கள் என்று அவன் நம்பியிருந்தான், பிறகு அப்போது ராப்டர்ஸை நடத்திய மசாய் உஜிரி மன்னிப்புக் கேட்டார். கேட்டு என்ன? நீ அப்போது மசாய் பக்கம். கிளீவ்லண்டின் லெப்ரானிடம் மூன்று வருஷம் வரிசையாகத் தோற்றாயிற்று, இனி மாற்றாமல் சரிவராது என்று என்னோடு சண்டை பிடித்தாய். கோப்பை வந்தது, ஆகவே நீ சொன்னது சரி. நான் மறுக்கவில்லை.

அந்தக் கோச் கேசியையும் மறந்துவிடாதே. ராப்டர்ஸுக்கு 59 மட்ச் வென்று கொடுத்த மனிதரை அதே 2018 மே மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த மாதமே வருஷத்தின் சிறந்த கோச் என்று என்பிஏ விருது கொடுத்தது. வேலை போனதற்கும் வேலை தெரியாததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் கேசியைத்தான் சொல்கிறேன்.

2019 பெப்ரவரியில் டிரோசன் மற்ற அணியின் சட்டையோடு இங்கே ஆட வந்தானே, சனம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வினாடிகளில் அவன் கையிலிருந்த பந்தை லெனர்ட்டே பறித்துக்கொண்டு தனியாக ஓடிப்போய் வளையத்தில் அடித்தான். 120க்கு 117. நீ சோபாவில் ஏறித் துள்ளினாய். நான் டிரோசனின் முகத்தைத்தான் பார்த்தேன்.

அதற்கு முந்தின வருஷம், ஓல் ஸ்டார் நேரம், மனச்சோர்வு தன்னை வெல்லுகிறது என்று ஒரே ஒரு வரி ட்விட்டரில் போட்டானே, ஞாபகம் இருக்கிறதா? பிறகு பேட்டியிலும் மறைக்காமல் கதைத்தான். அவ்வளவு காசு, அவ்வளவு பெயர், அவனுக்கும் அது. அவன் சொன்னதைப் பார்த்துத்தான் எதிரணியில் ஆடிய கெவின் லவும் தன் கதையை எழுதினான். ஒருவரும் அவர்களைக் குறைத்து நினைக்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு அம்மாவும் நினைக்கவில்லை.

கோவிலில் எல்லோரும் உன்னைத்தான் கேட்கிறார்கள். கலிபோர்னியாவில் பெரிய கம்பெனியில் என்று நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு ஒரு போன் எடுக்க எவ்வளவு நேரம் போகும்? அக்காவோடு மட்டும் கதைக்கிறாய். உங்கள் கம்பெனியில் நிறையப் பேரை நிறுத்துகிறார்களாம் என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். நான் மேலே கேட்கவில்லை. அப்பாதான் எங்கேயோ வாசித்துவிட்டு, வேலை விசாவில் இருக்கிறவர்களுக்கு அங்கே வேலை நின்றால் கூடியது 60 நாள்தான் இருக்கலாமாம் என்று சாப்பிடும்போது சொன்னார். யாரைப் பற்றி என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்காவோடு கோபிக்காதே. அவளுக்கும் பொய் வராது.

நேரத்துக்குச் சாப்பிடு ராசா. இரவில் போனைப் பார்த்துக்கொண்டு படுக்காதே. கறித்தூள் முடிந்திருந்தால் சொல், வறுத்து அனுப்புகிறேன். இல்லாவிட்டால் அனுப்பாமல் இங்கேயே வைத்திருக்கவும் முடியும். உன் அறையில் இருந்த தையல் மெசினைக் கீழே இறக்கிவிட்டோம், எனக்குப் படியேற முழங்கால் நோகிறது, அதனால்தான்.

இன்னொரு விஷயம். டிரோசன் சிக்காகோவும் போய், இப்போது சாக்ரமென்ரோவில் ஆடுகிறான். இன்னும் ஒரு கோப்பையும் இல்லை, ஆனாலும் ஆடுகிறான். சாக்ரமென்ரோ உன் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலமாம், அப்பா மேப்பில் பார்த்தார். அவனை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒக்டோபரில் சீசன் தொடங்கும். அவர்கள் ரொறன்ரோவுக்கும் வருவார்கள்தானே. அங்கே வந்து பார்ப்பதா, இங்கே நாலு பேருமாய்ப் பார்ப்பதா என்று நீ சொன்னால்தான் அப்பா ரிக்கெட் எடுக்கலாம். பிந்தினால் விலை கூடிவிடும், இந்தக் கிழமைக்குள் சொல்லு.

அன்புடன்,
அம்மா