விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் பிள்ளைகளை வீட்டுக்கு அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண் பிள்ளையை விடுதியில் தங்கிப் படிக்க அனுப்பலாமா என்று பேச்செடுத்தால் போதும், நம்மவர்களில் பாதிப் பேர் "வயசுப் பிள்ளையை அங்கே விடுவதா?" என்பார்கள். மீதிப் பேர் "அங்கே போட்டால்தான் ஒழுங்காகப் படிக்கும்" என்பார்கள். மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் என் அக்காவின் மகள், ஆசியான் நாட்டு மாணவர்களுக்கான உபகாரச் சம்பளம் கிடைத்து, இங்கே சிங்கப்பூரில் ஒரு மகளிர் பள்ளியில் உயர்நிலை மூன்றில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கிறாள். அவளுக்கு உள்ளூர்ப் பாதுகாவலர் நான்தான். அந்த உரிமையில் சில விஷயங்களை எழுதுகிறேன்.

நம் பெரியவர்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு விடுதி என்றதும் விக்டோரியா ஸ்திரீட் கான்வென்ட்தான் நினைவுக்கு வரும். 1854இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய இடம் அது. பள்ளியோடு அநாதை இல்லமும் இருந்தது. அதன் வாசலில் கைக்குழந்தைகளை விட்டுப்போனவர்கள் உண்டு. 1983இல் பள்ளி தோ பாயோவுக்கு மாறிவிட்டது, அந்தப் பழைய இடம் இப்போது சைம்ஸ் என்ற உணவக வளாகம். ஆனாலும் விடுதி என்றால் கதியற்ற பிள்ளைகளுக்கான இடம் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை நாம் பேசுவதே இல்லை. 1887இல் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் சோஃபியா பிளாக்மோர் அம்மையார் ஒன்பது இந்தியச் சிறுமிகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றுதான் அதற்குப் பெயர். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதுதான். பெண்கள் தங்கிப் படிக்க நைண்ட் ஹோம் என்ற இல்லத்தையும் அவர் நடத்தினார். லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் நடந்த கதை இது. நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டாமா?

சரி, இன்றைய விடுதிக்கு வருகிறேன். என் அக்கா மகளின் அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேசை. அறைத்தோழி வியட்நாம் பெண். வெளியே போனால் எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும், இரவில் ஆள் கணக்கு எடுப்பார்கள். அறையில் ரைஸ் குக்கர் வைக்கக்கூடாது. பொதுக் குளிர்பெட்டியில் அவள் பெயர் ஒட்டிய மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று இருக்கிறது. அதில் பாதியை வியட்நாம் பிள்ளையே தீர்த்துவிடுகிறாள். "காரம் போதும்" என்று தமிழில் சொல்லவும் கற்றுக்கொண்டுவிட்டாள். பாதுகாப்புக்கோ சாப்பாட்டுக்கோ நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

பெண்கள் மட்டுமே இருக்கும் இடத்தால் ஒரு நன்மை இருக்கிறது. நாற்காலி தூக்குவதிலிருந்து விவாத மேடை வரை எல்லாவற்றையும் அவர்களேதான் செய்தாகவேண்டும். வீட்டில் விருந்தாளி வந்தால் அறைக்குள் ஓடி ஒளிந்த பிள்ளை, இப்போது தன் தளத்துப் பிள்ளைகளின் குறைகளை எழுதி எடுத்துக்கொண்டு விடுதிப் பொறுப்பாளரிடம் தானே போய்ப் பேசுகிறாள். அக்காவுக்கு இதை நம்பவே முடியவில்லை.

கைப்பேசிதான் பெரிய பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். இந்த 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்குத் தடை. பள்ளிப் படிப்புக்கான மடிக்கணினியும் இரவு 10.30 மணிக்கு உறக்க நிலைக்குப் போகும்படி கல்வி அமைச்சு மாற்றியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவின் முகம் தெரிவதே அந்தக் கைப்பேசியில்தான். பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, சாப்பாடு, படிப்பு நேரம் எல்லாம் முடிந்து, தூங்குவதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அம்மாவிடம் என்னத்தைப் பேசிவிட முடியும்? "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவள் நல்லா இல்லாத நாள்களிலும் அதே பதில்தான்.

என்னை அதிகம் வருத்துவது சனி, ஞாயிறு. உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், தளமே காலியாகிவிடும். வகுப்பில் எல்லாரோடும் போட்டி போட்டுக் களைத்த பிள்ளை, அந்த இரண்டு நாளும் அறைக்குள்ளேயே தனியாக இருக்கும். தீபாவளியும் பெரும்பாலும் ஆண்டிறுதித் தேர்வுக் காலத்தை ஒட்டியே வருகிறது. ஒரு நாள் விடுமுறையில் ஈப்போ வரை போய்த் திரும்ப முடியுமா? என் அக்கா மகளுக்கு நான் இருக்கிறேன். அதே விடுதியில் உறவினர் யாரும் இங்கே இல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

முதலில் இவளை மட்டும்தான் வீட்டுக்கு அழைத்து வருவேன். அப்புறம் இவளோடு சென்னைப் பிள்ளை ஒருத்தியும் வர ஆரம்பித்தாள். வந்ததும் இருவரும் சோஃபாவில் படுத்துத் தூங்கிவிடுவார்கள். எழுந்து சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு, யாரும் கேட்காமலே வாரம் முழுவதும் நடந்ததைக் கொட்டுவார்கள். கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்காகக் கழிவறையில் அழுததை அந்தச் சென்னைப் பிள்ளை முதன்முதலில் சொன்னது என் சமையலறையில்தான். பெற்ற தாய்க்கு அதுவரை தெரியாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளை நீங்களும் வார இறுதியில் வீட்டுக்கு அழையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடம் போதாது என்று தயங்கவேண்டாம். அவர்களுக்குத் தனி அறை தேவையில்லை. விடுதி அலுவலகத்தைக் கேட்டால் நடைமுறையைச் சொல்வார்கள். பெற்றோரின் சம்மதம் அவசியம் வேண்டும், யாருடைய வீடு என்று விசாரிக்கவும் செய்வார்கள். விசாரிப்பதுதான் சரி, அதற்காக நாம் முகம் சுளிக்கக்கூடாது. தமிழ் அமைப்புகளும் கோயில்களும் தங்கள் உறுப்பினர்களில் விருப்பமுள்ள குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்து விடுதிகளிடம் கொடுத்தால் இன்னும் எளிதாக இருக்கும். தீபாவளிக்குள் இதை யாராவது முன்னெடுத்தால், என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்