முன் பைப் வேலை பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் நம் பட்டறையைப் பற்றி ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஒரு பைப் மாற்றத்தான் விட்டேன், பாதி இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஸ்டட்டை அவர்களே உடைத்துவிட்டு, அதை எடுத்ததற்கும் பில் போட்டார்கள்" என்பதுதான் அது. நேரில் வந்து கேட்டவர்களுக்கு நேரிலேயே பதில் சொல்லியாயிற்று. கேட்காமல் மனசுக்குள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூலி, ஆள் விஷயமும் ஒன்றிரண்டு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ஸ்டட். ஒரு முனை உலோகத்தில் பதிந்து, மறுமுனையில் நட்டு ஏறுகிற மரை போட்ட தண்டுதான் அது.

இன்ஜின் புகையை வாங்கி ஒன்றாகச் சேர்க்கும் மேனிஃபோல்டில் தொடங்கி சைலன்சர் பக்கம் போகிற முதல் துண்டைத்தான் முன் பைப் என்கிறோம். மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. பைப்பின் வாயில் பிளேஞ்சு என்கிற ஒரு தட்டை வளையம், நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட், பெரும்பாலும் மூன்று ஸ்டட், மூன்று நட்டு. எம்ஜிபி கார் மாதிரி இரட்டைப் பைப் என்றால் ஆறு. கழற்றி மாட்டுகிற வேலைதானே என்று படத்தைப் பார்க்கிற யாருக்கும் தோன்றும். (பீட்டில் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இன்ஜினே பின்னால் இருப்பதால் உங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, வேறு இருக்கிறது.)

அந்த ஸ்டட் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டி ஓடும்போதெல்லாம் பல நூறு டிகிரிச் சூடு, நின்றதும் குளிர்ச்சி, மழையில் கீழிருந்து சேறும் தண்ணீரும். கடைசி எம்ஜிபி தொழிற்சாலையை விட்டு வந்ததே 1980-இல். அந்த ஸ்டட்டை அதற்கப்புறம் யாராவது மாற்றினார்களா என்பது உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. எட்டு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டிய ஸ்டட், நட்டுக்கும் பிளேஞ்சுக்கும் நடுவில் துரு தின்று ஆறாக இளைத்திருப்பதை எத்தனையோ வண்டியில் பார்த்திருக்கிறோம். நட்டு எது, ஸ்டட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு மரை இறுகியிருக்கும். அதில் ஸ்பேனரைப் போட்டால் நட்டு திரும்பாது, ஸ்டட் முறுக்கிக்கொண்டு போகும். முறிகிற நொடி வரைக்கும் கழன்று வருகிற மாதிரியே கைக்குத் தெரியும். அதுதான் அதில் உள்ள கொடுமை.

வேண்டுமென்றே உடைப்பதில் எங்களுக்கு என்ன லாபம்? உடைந்த ஸ்டட் ஒன்று ஒரு ஆளின் அன்றைய வேலையையே விழுங்கிவிடும். அவர் கையிலிருக்கிற மற்ற வண்டிகள் அப்படியே நிற்கும். எந்தப் பட்டறைக்காரனும் அதை விரும்பி இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டான்.

நாங்கள் செய்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் சாயங்காலமே கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ஊற விடுகிறோம். மறுநாள் காலையில் ஆறு பட்டை சாக்கெட்தான். பன்னிரண்டு பட்டை போட்டால் துருப்பிடித்த நட்டின் முனை மழுங்கிவிடும். முதலில் கழற்றும் பக்கம் திருப்புவதில்லை. இறுக்கும் பக்கம் ஒரு இம்மி, பிறகு கழற்றும் பக்கம் ஒரு இம்மி, நடுநடுவே ஆயில். அதற்கும் அசையாவிட்டால் நட்டைச் சூடாக்குகிறோம். நட்டு விரிய வேண்டும், ஸ்டட் விரியக் கூடாது, அதனால் சூடு நட்டின் மேல்தான் படணும்.

"அப்புறம் ஏன் கார்புரேட்டரைக் கழற்றினீர்கள்?" என்று கேட்டவருக்கும் இங்கேதான் பதில். மோரிஸ் மைனர், மினி கார் இரண்டிலும் இருக்கிற ஏ சீரிஸ் இன்ஜினில் கார்புரேட்டர் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே, அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெட்ரோல் இருக்கிற இடத்துக்கு அடியில் நெருப்பைக் காட்டச் சொன்னால் நான் காட்ட மாட்டேன், யார் என்ன பேசினாலும் சரி. மேனிஃபோல்டையே இறக்க வேண்டி வந்தால், கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற இன்டேக் மேனிஃபோல்டும் சேர்ந்துதான் இறங்கும். இரண்டுக்கும் கேஸ்கெட் ஒன்று, ஸ்டட்டும் பொது. "பைப்புக்கும் கார்புரேட்டருக்கும் என்ன சம்பந்தம்" என்றால் சம்பந்தம் இதுதான்.

உடைந்ததை எடுப்பதும் லேசான காரியமில்லை. முனை கொஞ்சம் வெளியே நின்றால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, அந்தச் சூட்டோடு திருப்பி எடுத்துவிடலாம். உள்ளேயே முறிந்திருந்தால் நட்டநடுவில் பஞ்ச் வைத்து ட்ரில் போடணும். துளி விலகினாலும் வார்ப்பிரும்பின் மரை போச்சு. உடைந்த துண்டைக் கவ்வி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை அழுத்தித் திருப்பினால் இன்னும் மோசம். அது கடினமான எஃகு. உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண ட்ரில் அதைத் தொடக்கூட முடியாது. அதனால்தான் சில வண்டிக்கு மேனிஃபோல்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்புகிறோம். போன இடத்தில் அதன் முகம் கோணியிருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, கோணல் இருந்தால் அதையும் சமன் செய்து வாங்குகிறோம். அதற்குத் தனியாக ஒரு வரி பில்லில் இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் ஊரெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இனிமேல் கழற்றிய ஸ்டட், நட்டு, கேஸ்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உங்கள் கையிலேயே தந்துவிடுகிறோம். உடைந்த முகத்தை நீங்களே பாருங்கள். உள்வரை பழுப்பேறி, நடுவில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வெள்ளையாகப் பளபளக்கும். அந்தப் புள்ளி மட்டும்தான் அன்றைக்கு உடைந்தது, மிச்சமெல்லாம் எப்போதோ விரிசல் விட்டது. ஒன்றே ஒன்று, பழைய கேஸ்கெட்டை வீட்டில் சுரண்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் காலத்து கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். நாங்களே நனைத்துத்தான் எடுக்கிறோம்.

அடுத்த புகார், "மாற்றின பைப் மறுபடியும் விரிசல் விட்டது." இது பைப்போடு முடிகிற விஷயமில்லை. மினியில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால், கிளட்ச் விடும்போதும் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் அது முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது மேலே இன்ஜினை பாடியோடு பிடித்திருக்கும் ஸ்டெடி பார் என்கிற தண்டும், அதன் ரப்பர் புஷ்ஷும். புஷ் தேய்ந்துவிட்டால் ஆட்டம் முழுவதும் முன் பைப்பின் கழுத்துக்குப் போகும். கியர்பாக்ஸ் பக்கத்து பிராக்கெட்டும் இல்லையென்றால் எத்தனை புதுப் பைப் போட்டாலும் அதே இடத்தில்தான் விரியும். மற்ற வண்டிகளில் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் இதே வேலையைச் செய்யும். அதனால் "மவுண்டிங்கும் மாற்றணும்" என்று சொன்னால், பில்லை ஏற்றுவதற்காகச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் போட்டால் தீர்ந்துவிடுமே என்று கேட்கிறீர்கள். துருவுக்கு அது நல்ல பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் 304 என்கிற ஸ்டெயின்லெஸ் ரகம் சூட்டில் சாதாரண இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். ஒரு மீட்டர் பைப் 400 டிகிரி ஏறினால் இரும்பு ஐந்து மில்லிமீட்டர் நீளும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஏழு நீளும். அதற்கு இடம் விட்டு, தொங்கும் ரப்பரை இழுவை இல்லாமல் மாட்டணும். எல்லா இணைப்பையும் தளர்வாக வைத்து, பைப் எங்கும் இடிக்காமல் உட்கார்ந்த பிறகு, முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டு வரணும். பித்தளை நட்டு போடுகிறோம், அடுத்த முறை கழற்றுகிறவன் எங்களைத் திட்டக் கூடாது என்பதற்காக.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று. நம் வெல்டர் தம்பி சொந்தமாகப் பட்டறை போட்டுப் போய்விட்டார். இங்கேயே தொழில் கற்று வளர்ந்த பிள்ளை, நன்றாக இருக்கட்டும். அதனால் வளைத்து ஒட்டுகிற வேலையை இப்போதைக்கு வெளியில் கொடுத்து வாங்குகிறோம், நாள் கொஞ்சம் கூடும். இரும்பு, கேஸ் எல்லாம் ஏறிவிட்டதால் அடுத்த மாதம் முதல் கூலியும் மாறுகிறது, வாசல் பலகையில் எழுதியிருக்கிறோம். நீங்களே வாங்கி வரும் பைப்பை மாட்டித் தருவோம், அதற்கு உத்தரவாதம் இருக்காது.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் வண்டியை வேறெங்கும் கொண்டு போகாமல் இங்கேயே விட்டவர்கள் நிறையப் பேர். "எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை அண்ணே, சரியாகச் செய்யுங்கள்" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அப்பா ஓட்டிய வண்டியை மகன் கொண்டுவந்து நிறுத்துகிற பட்டறை இது. உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

முன் பைப் வேலை பார்த்த வண்டிகளை ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஒரு தடவை கொண்டுவாருங்கள். கேஸ்கெட் சூட்டில் அமர்ந்திருக்கும், நட்டை மறுபடி பிடிக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. அதற்குள் முன்பக்கம் டப் டப் என்ற சத்தமோ, ஆக்சிலரேட்டரை விடும்போது பின்னால் வெடிச் சத்தமோ, பிளேஞ்சைச் சுற்றிக் கரியோ தெரிந்தால் வாரம் முடியக் காத்திருக்க வேண்டாம். அங்கே கசிகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. பழைய வண்டியில் இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலில் ரப்பர் காய்ந்துபோன ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடும். கண்ணாடியை இறக்கி வைத்து ஓட்டிக்கொண்டு வாருங்கள்.

முடிந்தால் முந்தின நாள் சாயங்காலமே வந்து விட்டுவிடுங்கள். இன்ஜின் ஆறினால்தான் கை வைக்க முடியும்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்