பரிகாரத்துக்கு முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஃபெங் சுயி என்னும் சீன மனையமைப்புக் கலையின் வழியில் தீர்வு கூறும் கேள்வி பதில் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். தூக்கமின்மை, தம்பதியரிடையே ஓயாத வாக்குவாதம், கையில் தங்காத பணம், படிப்பில் மனம் ஒட்டாத பிள்ளை என்று வாசகர்கள் எழுதும் குறைகள் எல்லாம் உண்மையானவை. அவற்றுக்குத் தரப்படும் விடைகளில் ஒரு பகுதி, கட்டடப் பொறியாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நானே ஒப்புக்கொள்ளக் கூடியவை. மற்றொரு பகுதி, குறையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு அதன்மேல் ஓர் அலங்காரப் பொருளை வைத்து மூடச் சொல்பவை. இரண்டும் ஒரே பத்தியில், ஒரே உறுதியான குரலில் கலந்து வருகின்றன என்பதே என் குறை. இந்தக் கலையைக் கேலி செய்ய நான் எழுதவில்லை. அது எனக்கு ஒருமுறை உதவியிருக்கிறது, அதே வேளையில் கெடுதலும் செய்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு இரவு நேரத்தில் மட்டும் இருமல் வந்துகொண்டிருந்தது. மருந்து எடுக்கும் நாட்களில் தணிவதும், நிறுத்தியதும் திரும்புவதுமாக இருந்த நிலையில், உறவினர் ஒருவர் தமக்குத் தெரிந்த ஃபெங் சுயி ஆலோசகரை அழைத்து வந்தார். அவர் படுக்கையறையில் நுழைந்த சில நொடிகளிலேயே, கட்டிலின் தலைமாடு குளியலறைச் சுவரை ஒட்டி இருப்பதைச் சுட்டிக் காட்டி, கழிவுநீரோடு வெளியேறும் ஆற்றல் தூங்குபவரின் தலைப் பக்கத்திலிருந்து உயிர்ச்சக்தியை இழுத்துச் செல்கிறது என்றும், கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். எதிர்ச் சுவரில் பெரிய அலமாரி நின்றதால் அது எளிதன்று என்றோம். அப்படியானால் கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் இடையே பட்டை தீட்டிய கண்ணாடிப் படிக உருண்டை ஒன்றைத் தொங்கவிட்டால் போதும், தோஷம் நீங்கிவிடும் என்றார். நாங்களும் தொங்கவிட்டோம். நான்கு மாதங்கள் உருண்டையும் தொங்கியது, இருமலும் நிற்கவில்லை.

அதன்பின் வெள்ளையடிப்பதற்காகக் கட்டிலை இழுத்தபோதுதான் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் சுவர்ப்பூச்சு உப்பி உதிர்ந்து, இரண்டு சாண் அகலத்துக்குக் கரும்பூஞ்சை படர்ந்திருந்ததைப் பார்த்தோம். குளியலறைச் சுவருக்குள் பதித்த குழாயின் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது. ஊரார் வீட்டு ஓதத்தையெல்லாம் தட்டிப் பார்த்துச் சொன்ன நான், என் தலையணைக்கு ஒரு முழம் பின்னால் இருந்ததைக் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். குழாயை மாற்றி, ஊறிப்போன பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, சுவரை நன்கு உலரவிட்டு மறுபடி பூசினோம். இருமல் படிப்படியாகக் குறைந்தது. அதற்கு அந்தச் சுவர் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு மூச்சுத் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதை உலக சுகாதார அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன.

ஆலோசகர் சொன்ன விதி சரியாகவே இருந்தது. தண்ணீர்க் குழாய் ஓடும் சுவரில் தலைவைத்துப் படுக்காதே என்பது எந்தப் பொறியாளரும் மறுக்க முடியாத அறிவுரை. அந்த விதிக்கு அவர் சொன்ன காரணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விதியைப் பின்பற்ற முடியாவிட்டால் இதைத் தொங்கவிடு என்று அவர் தந்த மாற்றுத்தான் எங்களை நான்கு மாதங்கள் அந்தப் பூஞ்சையோடு நிம்மதியாகத் தூங்க வைத்தது. அந்தப் படிக உருண்டையை என் மனைவி தூக்கி எறியவில்லை. கிழக்குச் சன்னலில் மாட்டியிருக்கிறார், காலையில் சுவரெங்கும் வண்ணம் தெளிக்கிறது. அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமான பொருள்.

ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். பெயரே இந்தக் கலை எதைப் பார்த்துப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. இதன் மூலநூல்களுள் ஒன்றாகக் கருதப்படுவது, கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பு என்பவரின் பெயரால் வழங்கும் ஒரு சீன நூல். காற்றில் 'ச்சி' எனும் உயிராற்றல் சிதறிப் போகும், நீரைக் கண்ட இடத்தில் தேங்கி நிற்கும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. (அந்த நூல் பேசுவது வீட்டைப் பற்றியன்று, புதைகுழிக்கு இடம் தேர்வதைப் பற்றி என்பதைப் படுக்கையறை ஆலோசகர்கள் ஏனோ சொல்வதில்லை.) பின்பு வளர்ந்த மரபுகளில் 'வடிவ மரபு' எனப்படுவது, மலை, ஆறு, சரிவு, காற்று வரும் திக்கு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து மனையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பின்புறம் வடக்கே ஆமை போல் மலை, முன்புறம் தெற்கே திறந்த வெளி, இருபுறமும் அணைத்தாற்போல் மேடு என்பது அது காட்டும் இலட்சிய மனை. வட சீனத்தில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து வீசும், தாழ்ந்து செல்லும் குளிர்காலச் சூரியன் தெற்கே இருக்கும் என்பதை நினைத்தால், இதில் மந்திரம் எதுவும் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் குளிரில் நடுங்கியவர்களின் கவனிப்பு இருக்கிறது. அதே காரணத்தால், காற்று எதிர்த்திசையிலும் வெயில் வடக்கிலும் இருக்கும் ஒரு நிலத்துக்கு அந்த விதியை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. பூமியின் தென்பாதியில் வாழும் ஃபெங் சுயி பயிற்சியாளர்களுக்குள்ளேயே திசைகளைத் திருப்ப வேண்டுமா, கூடாதா என்ற வாதம் தீர்ந்தபாடில்லை.

வீட்டுக்குள் சொல்லப்படும் விதிகளிலும் இத்தகைய கவனிப்பு நிறையவே உண்டு. படுத்திருக்கும்போது கதவு கண்ணில் பட வேண்டும், ஆனால் கட்டில் கதவுக்கு நேர்கோட்டில் இருக்கக் கூடாது என்பது நல்ல விதி. நடைக்கூடத்தின் வெளிச்சமும் காற்றும் முகத்தில் அடிக்காது, யார் நுழைந்தாலும் திடுக்கிட வேண்டியதில்லை. படுக்கைக்கு எதிரே நிலைக்கண்ணாடி வேண்டாம் என்பதும் அப்படியே; நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் எழும்போது கண்ணாடியில் அசையும் தன் உருவமே ஒருவரை உலுக்கிவிடும். பயன்படாத குளியலறையின் வடிகாலை மூடி வை, செல்வம் அதன் வழியே ஒழுகிப்போகும் என்பார்கள். செல்வத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. தரை வடிகாலுக்குள் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் நீர்ப்பூட்டு. பல வாரங்கள் புழங்காத அறையில் அது ஆவியாகிப் போனபின் துர்நாற்றம் வருவதும், வீட்டில் எல்லோருக்கும் இனம்புரியாத எரிச்சல் உண்டாவதும் நான் பலமுறை கண்டது. மூடி வைப்பதைவிட, வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது மேல். உத்தரத்துக்குக் கீழே படுக்கக் கூடாது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: முறையாகக் கட்டிய வீட்டில் அதைவிட உறுதியான இடம் குறைவு. ஆயினும் அந்த விதியின் பேரில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, உத்தரத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் வெடிப்பைக் கண்டுபிடித்தால், உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கக் கூடும் என்பதால், அந்த வகையில் பயன்தான்.

திசைகாட்டியைக் கையில் எடுக்கும் மரபுக்கு வரும்போதுதான் சிக்கல் பெரிதாகிறது. லுவோபான் என்னும் சீனத் திசைவட்டில் 'மலைகள்' எனப்படும் 24 திசைப் பிரிவுகள் உண்டு, அதாவது ஒவ்வொன்றுக்கும் 15 பாகை. இன்று பலர் கைபேசியை நடுக்கூடத்தில் நீட்டித் திசை பார்க்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, இரும்பு பீரோ, ஒலிபெருக்கியின் காந்தம் இவற்றின் அருகில் திசைகாட்டி பல பாகைகள் பிசகுவது சாதாரணம். ஓரடி தள்ளி நின்றாலே ஒரு மலை அடுத்த மலையாகிவிடும். பழைய சீன அறிஞர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். காந்த ஊசி சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றுக் கிழக்கே சாய்கிறது என்பதை 11ஆம் நூற்றாண்டிலேயே ஷென் குவோ எழுதி வைத்தார். லுவோபானிலேயே ஒன்றுக்கொன்று 7.5 பாகை விலகிய வளையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

திசையைச் சரியாக அளந்துவிட்டாலும் மரபுகள் ஒத்துப்போவதில்லை. தங்கள் பகுதியில் அடிக்கடி வரும் 'செல்வ மூலை'யையே எடுத்துக்கொள்வோம். திசைகாட்டி வழியில் அது தென்கிழக்கு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் லின் யுன் என்பவர் பரப்பிய மரபிலோ திசையே கணக்கில் இல்லை; வாசலில் நின்று உள்ளே பார்க்கும்போது இடக்கைப் பக்கம் தொலைவில் தெரியும் மூலைதான் செல்வ மூலை. வாசல் வடக்குச் சுவரில் இருக்கும் வீட்டில் இரண்டும் ஒரே மூலையில் வந்து பொருந்தும். வாசல் தெற்குச் சுவரில் இருந்தால் பின்னதன்படி வடமேற்கு மூலை வரும், அதாவது முன்னதற்கு நேர் எதிர்க்கோடி. 'பறக்கும் நட்சத்திர' முறையினர் இருவரையும் விட்டுவிட்டு, 20 ஆண்டுக்கு ஒருமுறை காலகட்டம் மாறுகிறது, 2024இல் ஒன்பதாவது காலகட்டம் தொடங்கிவிட்டது, ஆகவே நல்ல மூலைகளும் மாறிவிட்டன என்பார்கள். தங்கள் பகுதியில் ஒரு வாரம் தென்கிழக்கு என்றும், மூன்று வாரம் கழித்து வாசலுக்கு இடக்கோடி என்றும் அச்சாகியிருந்ததை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். எந்த மரபின்படி விடை சொல்கிறோம் என்று ஒரு வரி சேர்க்கும் கடமையாவது பத்தி எழுதுபவருக்கு உண்டல்லவா?

இனி, பொருட்கள். 'அதிர்ஷ்ட மூங்கில்' என்று விற்கப்படும் செடி மூங்கில் இனமே இல்லை. டிரசீனா என்னும் வேறு குடும்பத்துச் செடி, அதன் பூர்வீகம் மத்திய ஆப்பிரிக்கா. சீனத்தின் பண்டைய ஞானம் என்று அதை அறிமுகப்படுத்துவது வரலாற்றுக்கும் தாவரவியலுக்கும் ஒருசேர இழைக்கும் அநீதி. அழகான செடி, யாரும் வளர்க்கலாம், ஆனால் அது நிற்கும் தண்ணீரைப் பற்றி எச்சரிக்காமல் பரிந்துரைக்கக் கூடாது. 2001இல் கலிபோர்னியாவுக்குக் கப்பலில் வந்திறங்கிய இந்தச் செடிகளோடு ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசு வந்து சேர்ந்ததைச் சுகாதாரத் துறையினர் கண்டறிந்தார்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால், குவளை நீரை வாரத்துக்கு ஒருமுறையேனும் மாற்றிக் குவளையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேங்கிய நீர் ஆகாது என்பதும் ஃபெங் சுயி விதிதான் என்பது இங்கே வேடிக்கை.

பணக் குறைக்கு நாணயம் கவ்விய மூன்று கால் தவளைப் பொம்மையைப் பரிந்துரைப்பதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. கடனில் இருக்கும் குடும்பம் முதலில் உட்கார்ந்து வட்டிக் கணக்கைப் பார்க்க வேண்டும். வாக்குவாதம் ஓயாத வீடுகளில் மட்டும், பொருள் மாற்றி வைப்பது உண்மையில் பலன் தருவதை நான் கண்டிருக்கிறேன்: இருவர் ஒரே நேரத்தில் கடக்க முடியாத இடைவழி, யாருக்கும் தனியாக உட்கார மூலையில்லாத கூடம், திறந்தால் சரிந்து விழும் அலமாரி ஆகியவை நாள்தோறும் பத்துச் சிறு சண்டைகளை உற்பத்தி செய்பவை. குப்பையை அகற்று, வாசல் வழியை மறிக்காதே, உடைந்ததைச் சரிசெய் அல்லது அப்புறப்படுத்து என்று ஃபெங் சுயி வற்புறுத்துவதை நான் முழு மனதோடு வழிமொழிகிறேன்.

இக்கடிதத்தை அவசரமாக எழுத வைத்தது அண்மையில் வந்த ஒரு கேள்வி. வீட்டில் இருக்கும்போது எல்லோருக்கும் தலைவலியும் மந்தமும் வருகின்றன, வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தேங்கிய ஆற்றலைக் கலைக்கக் காற்றுமணி கட்டுங்கள் என்று பதில் வந்திருந்தது. எரிவாயு அல்லது கரியால் எரியும் நீர்ச்சூடேற்றி, அடுப்பு, ஜெனரேட்டர் போன்றவை போதிய காற்றோட்டமில்லாமல் இயங்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு சேரும்போது தோன்றும் அறிகுறிகளும் இவைதாம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அளவு மீறினால் தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். சன்னலைத் திற, எரிகலன்களை அணை, எல்லோரும் வெளியேறுங்கள், மருத்துவரைப் பாருங்கள், புகைபோக்கியைச் சோதியுங்கள் என்பதைத் தவிர அந்தக் கேள்விக்கு வேறு முதல் பதில் இருக்க முடியாது. அந்த வாசகரின் வீட்டில் காரணம் வேறாகவே இருக்கட்டும் என்று வேண்டுகிறேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இரண்டு. அந்தப் பகுதியை நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு விதியோடும் அதன் காரணத்தையும், அது எந்த மரபைச் சேர்ந்தது என்பதையும் அச்சிடுங்கள். அடுத்து, வாசகர் கேள்விகளை ஆலோசகருக்கு அனுப்புமுன், குழாய், மின்கம்பி, கட்டடம் ஆகியவற்றை அறிந்த ஒருவரிடம் காட்டி, முதலில் எதைச் சோதிக்க வேண்டும் என்று இரண்டு வரி வாங்கி, விடைக்கு மேலே போடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஊதியம் எதிர்பாராமல் நானே எழுதித் தருகிறேன். தலைவலி பற்றிக் கேட்ட அந்த வாசகருக்கு மட்டும் அடுத்த இதழ்வரை காத்திராமல் இன்றே ஒரு கடிதம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்